தப்புச் சாவி

ஆலைக்காரனிடம் எதையும் மறைக்க முடியாது.
ஒவ்வொரு கம்பியையும் பார்த்தால்தான்
சிலிக்கானில் வரைவான்.
தையல்காரனிடம் இடுப்பளவை ஒளித்து
சட்டை தைத்துக்கொள்ள முடியுமா?

ஆகவே வரைபடத்துக்குள்ளேயே
நூற்று இருபத்தெட்டு பொய்களைச் செருகினேன்.
பெரிய பொய்கள் இல்லை.
ஓடும் சமிக்ஞையின் குறுக்கே ஒரு சின்ன வாயில்,
அவ்வளவுதான்.
சாவியின் பிட் சரியாக இருந்தால்
ஆம் என்பதை ஆம் என்றே அனுப்பும்.
இல்லாவிட்டால் இல்லை என்று திருப்பிவிடும்.
சில வாயில்களுக்கு ஒரே முகம் கொடுத்தேன்.
அமிலத்தில் அடுக்கடுக்காக உரித்து
நுண்ணோக்கியின் கீழ் வைப்பவனுக்கு
அத்தனையும் சிலேடை.

சாவி மட்டும் எங்களோடு.
சிப்புகள் கடல் தாண்டி சின்ச்சுவுக்குத் திரும்பியதும்
மூன்றாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு
யா-லுன் ஒவ்வொன்றிலும் அதை எரித்துப் பதிப்பான்,
பதிவேட்டில் எண் போட்டு.

தப்புச் சாவி போட்டால் சிப் செத்துவிடட்டும்
என்றார் மேலாளர் தூ.
வேண்டாம் என்றேன்.
செத்தால் திருடன் அன்றைக்கே விழித்துக்கொள்வான்.
உயிரோடு இருக்கட்டும்,
கொஞ்சம் தப்பாக.
மேசையில் சோதித்தால் தேறட்டும்,
சந்தையில் சொதப்பட்டும்.
கூட்டத்தில் கைதட்டினார்கள்.
அந்த வருடம் எனக்குப் போனஸ் அதிகம்.

பிறகு ஒரு நவம்பர்.
காற்று கடைப்பலகைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த மாலையில்
கோயில் முற்றத்துச் சந்தையில்
இறைச்சி உருண்டை நான்கு கேட்டேன்.
பெங் பத்து வைத்தான்.

எங்கள் மொழியில், எங்கள் ஊர் வாயில்,
நான்கும் பத்தும் ஒரே எழுத்தொலி.
குரல் விழுந்தால் நான்கு,
எழுந்தால் பத்து.
வாங்கு என்பதும் வில் என்பதும் அப்படித்தான்.
பத்து இல்லை, நான்கு என்றேன்.
பத்து இல்லை, பத்து என்று கேட்டிருக்கும் அவனுக்கு.
சிரித்தபடி இன்னொரு கிண்ணத்தை எடுத்தான்.

பதினாறு வருடம் தகடு வெட்டும் பட்டறை.
காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன்.
கருவியைக் கழற்றிக் காட்டினான்:
எண்ணூறு யுவான், பெயரில்லாத பெட்டி,
புதிதில் நன்றாகத்தான் இருந்ததாம்.

பழுது பார்த்துத் தருகிறேன் என்று
விரலால் எழுதிக் காட்டி வாங்கிவந்தேன்.

மூடியைப் பெயர்த்து லென்ஸை இறக்கினால்
மேல் உலோகத்தின் மூலையில்
மணலில் பாதி பருமன்கூட இல்லாத ஒரு தும்பி.
நான் வரைந்தது.
வேலை முடிந்த இரவில் விளையாட்டாக.

ஆலையில் யாரோ கூடுதலாக ஓட்டியிருக்கிறான்.
சாவிக்கான இடம் முழுக்கப் பூஜ்யம்.
அறுபத்தொன்று தற்செயலாகச் சரி.
மீதி அறுபத்தேழிலும்
நான் சொல்லிக்கொடுத்தபடியே
பொய் சொல்லிக்கொண்டிருந்தது,
கீழ்ப்படிதலுள்ள குழந்தை.

சட்டப் பிரிவுக்கு மாதிரி வேண்டும்.
கொடுத்தால் அமிலத்தில் உரிப்பார்கள்,
படமெடுப்பார்கள், வழக்கு எண் விழும்.
நியாயம்தான். என் நியாயமும்கூட.

எரிக்க நான்கு நொடி ஆகிறது.
நான்கு. குரல் விழ வேண்டும்.

மறுநாள் பெங் அதைக் காதில் பொருத்தினான்.
முகத்தைச் சுளித்தான்.
இந்தக் காற்று தினமும்
இவ்வளவு சத்தமாகவா அடிக்கிறது என்றான்.
நான்கு கேட்டேன், நான்கு வைத்தான்.
காசு வாங்கிக்கொண்டான்.

இப்படி இன்னும் எத்தனை பெட்டிகள்
எந்தெந்தக் காதுகளில் இருக்கின்றன,
யார் யாருக்கு விற்றதை வாங்கியதாகச் சொல்கின்றன,
தெரியாது.

பதிவேட்டில் ஒரு எண் கூடியிருந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
சோதனை என்று எழுதினேன்.
யா-லுன் அதைப் படித்தான்.
என்னைப் பார்த்தான்.
நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
அவன் கேட்கவில்லை.